வரைந்தே அமைக்கலாம் இணையப்பக்கம்

(சென்னையில் உழவர் உற்பத்தியாளர் குழுவினருக்கு நடந்த பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



உங்கள் குழுவின் அரிசியையும் எண்ணெயையும் பயறு வகைகளையும் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் உள்ள வீடுகளுக்கு நேராக விற்க வேண்டும் என்கிறீர்கள். அதற்கு ஓர் இணையப்பக்கம் தேவைப்படுகிறது. ஆனால் கணிப்பொறியின் குறிமுறை எழுத, அதாவது கோடிங் செய்ய, நமக்குத் தெரியாதே என்று தயங்குகிறீர்கள். குறிமுறை எழுதத் தெரியாமலே, அழைப்பிதழை வடிவமைப்பது போல, வரைகலை மென்பொருளில் பக்கத்தை வரைந்து வெளியிட முடியுமா என்பதே இங்கு பலரும் கேட்ட கேள்வி.

முடியும். அதில் ஐயம் வேண்டாம். ஆனால் எப்படி வரைகிறோம் என்பதைப் பொறுத்தே அந்தப் பக்கம் உங்களுக்கு விற்றுக் கொடுக்கும், அல்லது வெறும் படமாகக் கிடக்கும். இதை நான் பிறர் சொல்லக் கேட்டுச் சொல்லவில்லை. நானே செய்த தவறு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அழகான படம், வராத அழைப்பு

நான் தியாகராய நகரில் ஒரு வடிவமைப்புக் கடையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். திருமண அழைப்பிதழ், துண்டு அறிக்கை, கடைப் பலகை என்று எதையும் கணிப்பொறியில் வரைந்து கொடுப்போம். 2017ஆம் ஆண்டு மதுராந்தகம் பக்கத்திலிருந்து ஓர் உழவர் குழுவினர் வந்தார்கள். மாப்பிள்ளைச் சம்பா அரிசியும் செக்கு நல்லெண்ணெயும் விற்க இணையப்பக்கம் வேண்டும் என்றார்கள். எனக்கும் குறிமுறை தெரியாது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

அழைப்பிதழ் செய்வது போலவே செய்தேன். பின்னணியில் கதிர் முற்றிய வயல், மேலே குழுவின் பெயர், நடுவில் விலைப்பட்டியல், கீழே தொலைபேசி எண். அனைத்தையும் சேர்த்து ஒரே படமாக்கி இணையத்தில் ஏற்றினேன். கடையின் பெரிய திரையில் அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். குழுவினரும் மகிழ்ச்சியோடு ஊர் திரும்பினார்கள்.

தை மாதம் பிறந்தது. அறுவடை முடிந்து அரிசியும் தயாரானது. பக்கத்தின் முகவரியைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். ஆனால் ஓர் அழைப்புகூட வரவில்லை. மாசி மாதக் கடைசியில் குழுத் தலைவரான பெரியவர் கடைக்கு வந்தார். "தம்பி, படம் நல்லாத்தான் இருக்கு. ஒருத்தரும் கூப்பிடலையே" என்றார்.

"இருங்க ஐயா, நானே கூப்பிட்டுப் பார்க்கிறேன்" என்று சொல்லி, படத்திலிருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து அழுத்தினேன். வேறு ஊரில் யாரோ எடுத்தார். "அரிசி கேட்டு தினம் ரெண்டு மூணு பேர் கூப்பிடுறாங்க சார். நான் தையல் கடை வெச்சிருக்கேன்" என்றார். ஓர் இலக்கத்தை நான் மாற்றிப் போட்டிருக்கிறேன்! பெரியவர் என்னைத் திட்டவில்லை. ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அதற்குள் பாதி அரிசியை உள்ளூர் வியாபாரி சொன்ன விலைக்கே போட்டுவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

அந்த ஓர் இலக்கத்தைத் திருத்த முழுப் படத்தையும் மறுபடி செய்து ஏற்ற வேண்டியதாயிற்று. அதன் பிறகும் குறை தீரவில்லை. மயிலாப்பூரில் ஓர் அம்மாள், "கைபேசியில் எழுத்து கடுகு மாதிரி தெரியுது, விரலால் பெரிசாக்கினா விலை ஒரு பக்கம், பொருள் ஒரு பக்கம் ஓடுது" என்றார். எண்ணெய் விலை மாறிய ஒவ்வொரு முறையும் குழுவினர் என்னைத் தேடி வர வேண்டியிருந்தது. என் கடைக்கு அது வருமானம். அவர்களுக்கோ பேருந்துச் செலவும் ஒரு நாள் வேலை இழப்பும். அப்போதுதான் இதன் அடிப்படையைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன்.

பக்கம் எப்படி உருவாகிறது?

குறிமுறை இல்லாத இணையப்பக்கம் கிடையாது. அதை யார் எழுதுகிறார் என்பதில்தான் வேறுபாடு. நீங்கள் மென்பொருளில் ஒரு தலைப்பை இழுத்து வைத்தால், "இது தலைப்பு" என்று அதற்குரிய குறியை மென்பொருள் தானே எழுதிக்கொள்ளுகிறது. டிராக்டர் ஓட்ட இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் எண்ணெய் அளவு பார்க்கவும், எந்தக் கியரில் உழுவது என்று அறியவும் வேண்டும். இதுவும் அப்படித்தான்.

வரைந்து எழுதும் முறை புதியதும் அன்று. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வு நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் 1989ஆம் ஆண்டு வலைத்திட்டத்தை முன்வைத்தார். 1990ஆம் ஆண்டு அவர் செய்த முதல் உலாவியிலேயே பக்கத்தைப் பார்க்கவும் முடிந்தது. தாளில் எழுதுவது போல எழுதவும் முடிந்தது. பின்னர் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1996ஆம் ஆண்டு வாங்கி வெளியிட்ட ஃபிரண்ட்பேஜ், 1997ஆம் ஆண்டு மேக்ரோமீடியா நிறுவனம் கொண்டுவந்த டிரீம்வீவர் ஆகியவை வந்தன. ஃபோட்டோஷாப்பில் பக்கத்தை முழுப் படமாக வரைந்து, அதைத் துண்டு துண்டாக வெட்டி, கட்டங்களில் ஒட்டி வைக்கும் முறையும் 2000ஆம் ஆண்டையொட்டிப் பரவலாக இருந்தது. இன்று கேன்வா, விக்ஸ், கூகுள் சைட்ஸ், ஜோகோ நிறுவனத்தின் ஜோகோ சைட்ஸ் எனப் பல கருவிகள் உள்ளன. வடிவமைப்பாளர்கள் கையாளும் ஃபிக்மாவிலும் 2025ஆம் ஆண்டு முதல் வரைந்ததை நேரே இணையப்பக்கமாக வெளியிடும் வசதி வந்துள்ளது.

எனவே கருவிக்குப் பஞ்சமில்லை. கருவியைக் கையாளும் விதத்தில் நான்கு செய்திகளை மனத்தில் வைத்தால் போதும்.

முதலாவது: எழுத்து எழுத்தாகவே இருக்க வேண்டும்

படத்துக்குள் புதைத்த எழுத்து, கண்ணுக்கு மட்டுமே எழுத்து. கணிப்பொறிக்கு அது வெறும் வண்ணப் புள்ளிகள். "மாப்பிள்ளைச் சம்பா" என்று அடையாற்றில் ஒருவர் தேடும்போது, அந்தச் சொல் உங்கள் பக்கத்தில் எழுத்தாக இருந்தால்தான் தேடுபொறி உறுதியாகக் கண்டுகொள்ளும். இன்றைய கைபேசிகள் சில, படத்தில் உள்ள எழுத்தையும் ஓரளவு படித்துவிடுகின்றன. ஆனால் அதை நம்பி விற்பனையை நடத்த முடியாது.

தொலைபேசி எண்ணும் அப்படியே. எழுத்தாக வைத்து அழைப்பு இணைப்பும் கொடுத்துவிட்டால், வாங்குபவர் அதன்மீது விரல் வைத்தவுடன் அழைப்பு போகும். பார்த்துப் பார்த்து அழுத்துவதில் பிழை நேராது. நீங்களும் ஒரு முறை தொட்டு உங்கள் கைபேசி ஒலிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். நான் அன்று இதைச் செய்திருந்தால் அந்தத் தையல் கடைக்காரருக்குத் தொல்லை இருந்திருக்காது.

பார்வையற்றவர்களும் உங்கள் வாடிக்கையாளர்களே. அவர்கள் பக்கத்தைத் திரைவாசிப்பான் என்ற மென்பொருள் மூலம் காதால் கேட்டுப் படிக்கிறார்கள். எழுத்தைத்தான் அது உறுதியாக வாசிக்கும்; படத்தை அப்படி வாசிக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே நெல் வயலின் படம் வைத்தால், "அறுவடைக்குத் தயாரான மாப்பிள்ளைச் சம்பா வயல்" என்று அந்தப் படத்துக்குரிய விளக்கச் சொல்லையும் எழுதுங்கள். பெரும்பாலான மென்பொருள்களில் அதற்குத் தனி இடம் உண்டு. வயதான, கண் மங்கிய வாடிக்கையாளருக்கும் எழுத்தாக இருந்தால்தான் பெரிதாக்கிப் படிக்க முடியும்.

இரண்டாவது: தமிழ் எழுத்துருவைக் கவனியுங்கள்

இது தமிழருக்கே உரிய தொல்லை. அச்சு வேலை செய்யும் கடைகளில் பழைய எழுத்துருக்கள் இன்னும் பல உள்ளன. அவற்றில் திரையில் "அ" என்று தெரிந்தாலும், உள்ளே கணிப்பொறி வைத்திருப்பது ஓர் ஆங்கில எழுத்தின் எண்ணாக இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் உங்கள் விலைப்பட்டியல் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கடைக்கொரு முறை, செய்தித்தாளுக்கொரு முறை என்று இருந்த காலத்தில் இதை ஒழுங்குபடுத்தச் சென்னையில் 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் தமிழ் இணைய மாநாடு கூடியது. தமிழ்99 விசைப்பலகை அதன் பயனாய் வந்தது. உலகமெங்கும் ஒரே முறையில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு தரத்தில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழ் இடம் பெற்றிருந்தது. 2010ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசும் அதை ஏற்று ஆணையிட்டது.

ஆகையால் பக்கம் செய்து கொடுப்பவரிடம், "யூனிகோடு எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் கைபேசியில் வாட்ஸ்அப்பில் எழுதும் தமிழ் யூனிகோடுதான். எனவே விலைப்பட்டியலையும் குழுவைப் பற்றிய செய்தியையும் நீங்களே கைபேசியில் எழுதி அனுப்பிவிட்டால், அவர் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதில்லை, பிழையும் குறையும். பழைய எழுத்துருவில் உள்ள துண்டு அறிக்கையை மாற்ற வேண்டுமானால், சென்னையைச் சேர்ந்த நியூ ஹொரைசன் மீடியா நிறுவனம் வெளியிட்ட என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற கட்டணமில்லா மாற்றிகள் இருக்கின்றன. அடையாற்றை அடுத்த கோட்டூர்புரத்தில் இயங்கும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் தமிழ் எழுத்துருக்களையும் தட்டச்சு மென்பொருளையும் கட்டணமின்றி அளித்து வருகிறது.

மூன்றாவது: கைபேசிக்காக வரையுங்கள்

தாளுக்கு நீள அகலம் உண்டு. அதில் வைத்தது வைத்த இடத்திலேயே நிற்கும். இணையப்பக்கத்துக்கு நிலையான அகலம் இல்லை. ஒருவர் பெரிய திரையில் பார்ப்பார். ஒருவர் கையகலக் கைபேசியில் பார்ப்பார். வயலின் வடிவத்துக்கு ஏற்பப் பாய்ச்சிய நீர் பரவுவது போல, பக்கமும் திரைக்கு ஏற்பப் பரவி அமைய வேண்டும். அகலத் திரையில் பக்கம் பக்கமாக நிற்கும் மூன்று படங்கள் கைபேசியில் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்க வேண்டும். ஈத்தன் மார்கோட் என்ற வடிவமைப்பாளர் 2010ஆம் ஆண்டு இம்முறைக்குப் பெயரிட்டு விளக்கி எழுதினார். இன்று இதுவே வழக்கம்.

வரைகலை மென்பொருளில் கண்ட இடத்தில் பொருளை இழுத்து வைக்கும் சுதந்திரம்தான் இங்கே ஆபத்து. அப்படி வைத்தவை கைபேசியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். எனவே வெறும் திரையில் தொடங்காமல், மென்பொருளிலேயே உள்ள இணையப்பக்க மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் கட்டங்களுக்குள் உங்கள் செய்தியை நிரப்புங்கள். மார்கழியில் மயிலாப்பூர் மாட வீதிகளில் கோலமிடும் பெண்கள் முதலில் புள்ளி வைத்துக்கொண்டுதானே கோடு இழுக்கிறார்கள்? மாதிரியின் கட்டங்கள் அந்தப் புள்ளிகளைப் போன்றவை.

படங்களின் எடையையும் பாருங்கள். கைபேசியில் எடுத்த ஒளிப்படம் ஒன்று 4 மெகாபைட் இருக்கலாம். அதை 1200 புள்ளி அகலத்துக்குச் சுருக்கி 200 கிலோபைட் அளவில் வைத்தால் 20 படங்கள் அந்த ஒரு படத்தின் இடத்தில் அடங்கும். பக்கமும் விரைவாகத் திறக்கும். பத்து வினாடி காத்திருந்தும் திறக்காத பக்கத்தை யாரும் பதினோராவது வினாடி பார்ப்பதில்லை.

நான்காவது: பெயரும் சாவியும் உங்களிடம் இருக்கட்டும்

அடோபி நிறுவனம் 2012ஆம் ஆண்டு மியூஸ் என்ற மென்பொருளை வெளியிட்டது. குறிமுறை தெரியாத அச்சு வடிவமைப்பாளர்கள் வரைந்தே இணையதளம் செய்வதற்கென்றே வந்தது அது. பலர் அதை நம்பித் தொழில் செய்தார்கள். 2018ஆம் ஆண்டு மார்ச்சில் அதன் வளர்ச்சியை நிறுத்துவதாக அந்நிறுவனம் அறிவித்தது. 2020 மார்ச்சோடு உதவியும் நின்றது. வெளியிட்ட பக்கங்கள் அப்படியே இருந்தன. ஆனால் அவற்றைத் திருத்திப் புதுப்பிக்கப் பலர் வேறு கருவியில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஃபிரண்ட்பேஜும் 2003ஆம் ஆண்டுப் பதிப்போடு நின்றுபோனது. கட்டணமின்றி இடம் தந்து வந்த ஜியோசிட்டீஸை யாகூ நிறுவனம் 2009ஆம் ஆண்டு மூடியபோது எத்தனையோ பேரின் பக்கங்கள் மறைந்தன.

மென்பொருளைக் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. குத்தகை நிலத்தில் பயிர் வைக்கலாம். தென்னை வைப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். இங்கே தென்னை என்பது உங்கள் முகவரி. கட்டணமில்லாத் திட்டத்தில் பக்கம் அந்த நிறுவனத்தின் முகவரியின் கீழ்தான் இருக்கும். தொடக்கத்துக்கு அது போதும். பொட்டலத்தின் மேல் முகவரியை அச்சடிக்கும் நிலை வந்ததும், குழுவின் பெயரில் சொந்த முகவரி ஒன்றைப் பதிவு செய்யுங்கள். அது நம்முடையதாக இருந்தால், நாளை மென்பொருள் மாறினாலும் அதே முகவரியில் புதுப் பக்கத்தை வைத்துக்கொள்ளலாம். வாங்குபவருக்கு மாற்றமே தெரியாது.

பதிவு, வடிவமைப்பாளரின் பெயரில் இருக்கக் கூடாது. குழுவின் மின்னஞ்சலில், குழுவின் கைபேசி எண்ணில் இருக்க வேண்டும். கடவுச்சொல்லைக் குழுவின் பதிவேட்டில் எழுதி, பொறுப்பாளர் இருவரிடம் வையுங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். தவறினால் முகவரி வேறொருவர் கைக்குப் போகலாம்.

செய்முறை

கணிப்பொறியைத் தொடுவதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளில் கைபேசி அளவுக்கு ஒரு கட்டம் போடுங்கள். முதல் திரையில் மூன்றே செய்திகள் வரட்டும்: என்ன விற்கிறீர்கள், எந்த ஊர், எந்த எண்ணில் அழைப்பது. அடுத்து விலைப்பட்டியல். பொருளின் பெயர், எடை, விலை, "இந்த விலை இன்ன தேதி வரை" என்ற குறிப்பு ஆகியவை தனித்தனி வரியில் இருக்க வேண்டும். அதன்பின் எந்தெந்தப் பகுதிக்கு எந்தக் கிழமை கொண்டுவருவீர்கள் என்பது. மயிலாப்பூருக்குச் சனிக்கிழமை, அடையாற்றுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று தெளிவாகச் சொன்னால் ஒரே வண்டியில் பல வீட்டுச் சரக்கைச் சேர்க்கலாம்.

கடைசியில் உங்களைப் பற்றி. பெரிய சொற்கள் வேண்டாம். எந்த ஊர், எத்தனை குடும்பம், என்ன இரகம், என்ன உரம் இட்டீர்கள் என்பதை உள்ளபடி எழுதுங்கள். இயற்கை வேளாண்மைச் சான்று இருந்தால் அதன் எண்ணையும், பொட்டல உணவுக்கு உரிய உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணையும் போடுங்கள். சான்று இல்லாததை இருப்பதாகச் சொல்லாதீர்கள். நகரத்து வாங்குபவர் ஒரு முறை ஏமாந்தால் பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவிடுவார்.

இவ்வளவையும் தாளில் முடித்த பிறகே மென்பொருளுக்குப் போங்கள். கேன்வாவிலோ கூகுள் சைட்ஸிலோ ஒரு மாதிரியை எடுத்து நிரப்ப, கணிப்பொறி அறிந்த உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு மாலைப் பொழுது போதும். இரண்டு நிறம், ஒரே எழுத்துரு என்று நிறுத்திக்கொள்ளுங்கள். வயல் படத்தின் மேல் எழுத்தை வைக்காதீர்கள். வெயிலில் நின்று படிப்பவருக்குத் தெரியாது.

வெளியிடுமுன் ஐந்து சோதனைகள்

பணம் கொடுத்துச் செய்வித்தாலும், வீட்டுப் பிள்ளை செய்தாலும், மீதிப் பணம் கொடுக்கும் முன் கீழ்க்கண்டவற்றைச் சோதியுங்கள்.

1. விலைப்பட்டியல் மீது விரலை அழுத்திப் பிடித்து, நகல் எடுத்து, வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழ் ஒழுங்காக வந்தால் சரி. நகலே எடுக்க முடியாவிட்டால் பெரும்பாலும் அது படம். கிறுக்கலாக வந்தால் பழைய எழுத்துரு. இரண்டையும் ஏற்காதீர்கள்.

2. தொலைபேசி எண்ணைத் தொடுங்கள். உங்கள் கைபேசி ஒலிக்க வேண்டும்.

3. ஒரு விலையை நீங்களே மாற்றிப் பாருங்கள். பிறர் உதவியின்றி ஐந்து நிமிடத்தில் மாற்ற முடிய வேண்டும்.

4. குழுவில் யாரிடம் மிகப் பழைய கைபேசி இருக்கிறதோ அதில், வீட்டு வைஃபை இல்லாமல், வயலில் நின்று திறந்து பாருங்கள்.

5. முகவரி யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியுள்ளது என்று திரையில் காட்டச் சொல்லுங்கள்.

இந்த ஐந்தில் ஒன்று தவறினாலும் பக்கம் முடியவில்லை என்றே கொள்ளுங்கள். குறிமுறை தெரியாதவரும் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. செய்து கொடுப்பவர் எவ்வளவு படித்தவராயினும் இதற்கு விடை சொல்லத்தான் வேண்டும்.

அந்த மதுராந்தகம் குழுவுக்கு மறு ஆண்டு நான் கூலி வாங்காமல் வேறொரு பக்கம் செய்து கொடுத்தேன். வயல் படம் சிறிதாகிவிட்டது, எழுத்து பெரிதாகிவிட்டது. முந்தியதைப் போல அழகில்லை என்று என் கடை நண்பர்கள் சொன்னார்கள். விலையைப் பெரியவரின் பேத்தி ஊரிலிருந்தே மாற்றுகிறாள். "இப்ப நம்பரைத் தொட்டா எங்க வீட்டிலதான் தம்பி மணி அடிக்குது" என்று பெரியவர் தொலைபேசியில் சொன்னபோதுதான் என் மனம் ஆறியது.

நீங்களும் வரையுங்கள், தயங்க வேண்டாம். வரைந்து முடித்ததும் உங்கள் விரலாலேயே சோதித்துப் பாருங்கள்.